அரை நிமிடக் கதவு

தேசிங்கு செத்த மாதிரி பகையாளிக்கும் சாவு வரக்கூடாது. பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்த மனிதர். இடது கையும் காலும் எப்போதோ மரத்துப்போய்விட்டன. காலையில் மகள் கஸ்தூரி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாய்க்கு அவர் வாயைத் திறந்தபோதுதான் அடி விழுந்தது. உடம்பு கட்டிலைவிட்டு எழும்பிக் குதித்தது. அசையாத கையும் காலும்கூட உதறின. பற்கள் கரண்டியை அப்படியே கவ்வி நெரித்தன. நாக்கு துண்டாகித் தொங்கியது. கஞ்சியும் ரத்தமுமாகக் கஸ்தூரியின் முகத்தில் தெறித்தது.

அவள் போட்ட அலறலில் மாடிப்படியெல்லாம் காலடிச் சத்தம். கீழ்த்தளத்தில் கட்டடத்தின் இணையப் பெட்டி இருக்கும் ரவுட்டர் அறையிலிருந்து, அதைப் பராமரிக்கும் டெல்பினும் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

எருக்கம்பாக்கம் பதினேழாம் பிளாக்கில் எல்லா வீட்டு நிலையிலும் ஓர் ஆணி உண்டு. அதில் முறுக்கி மடித்த துண்டு ஒன்று தொங்கும். அதற்குக் கடிதுணி என்று பெயர். யார் அடிபட்டு விழுந்தாலும் சரி, ஏழேழு ஜென்மத்துப் பகையாக இருந்தாலும் சரி, ஓடிப்போய் அவன் பல்லுக்கிடையில் துணியைத் திணித்து, தலையை மடியில் ஏந்திக்கொள்ள வேண்டும். கூடவே எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. விழுந்தவனிடம் 'என்ன செய்தாய்?' என்று கேட்கக் கூடாது. ஏற்கெனவே தண்டனை வாங்கியவனை இன்னொரு முறை தண்டிப்பானேன்? கூவம் கரையிலிருந்து பிடுங்கி இங்கே கொண்டுவந்து நட்ட சனங்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட மரியாதை அது ஒன்றுதான்.

தண்டனை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். எல்லோர் பின்கழுத்திலும் ஒரு சில்லு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வர, ரேஷன் அரிசி விழ, லிஃப்ட் ஏற அதுதான் சாவி. நோயாளிகளின் நாடித்துடிப்பை ஆஸ்பத்திரிக்குச் சொல்வதும் அதுதான். குற்றம் செய்தால் அதே சில்லு முதுகெலும்பைச் சுண்டிவிடும். சனங்கள் அதைச் சொடுக்கு என்றார்கள். ஒன்றாம் நிலை கன்னத்தில் விட்ட அறை போல. ஏழாம் நிலை மூன்று தவணையாக வரும். மூன்றாவதைத் தாண்டிப் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போலீஸ் இதற்கு 'லத்தியில்லாக் காவல்' என்று பெயர் சூட்டி, மேடை போட்டுப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டது.

தேசிங்குவுக்கு இரண்டாவது தவணையே அதிகமாகிவிட்டது. டெல்பின் துணியைத் திணிக்கும்போது கடிப்பதற்கு அவரிடம் உயிர் இல்லை.

கஸ்தூரி அப்பாவின் வாயிலிருந்து துணியை மெல்ல உருவினாள். பிறகு சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எங்கப்பா இன்னா பண்ணார்?" என்றாள்.

அது கேட்கக் கூடாத கேள்வி.

"சொல்லுங்க. எழுந்து ஒண்ணுக்குப் போவ முடியாத மனுசன். நாந்தான் வாரிப் போட்டுக்கினு இருந்தேன். இவரு இன்னா பண்ணார்னு இந்த அடி?"

மூலையில் நின்ற ரெஜினா, அவள் மகனுக்கும் முன்பு சொடுக்கு விழுந்திருந்தது, தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எம்புள்ளைய நானும் கேக்கலியேடி. சக்கர நோவுல சுருண்டு கெடந்தான். பண்ணியிருப்பான்னு நெனச்சி சும்மா இருந்துட்டனே, பாவி!"

அடிபட்ட இருவரும் நோயாளிகள் என்பது டெல்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அங்கே நிற்கவில்லை.

ரவுட்டர் அறையில் தம்பி கிளமெண்ட் முக்காலியில் உட்கார்ந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் அவனுக்கும் ஐந்தாம் நிலை விழுந்தது. நாக்கில் பாதி போயிற்று. இருதயம் தானாகத் துடிப்பதை நிறுத்திக்கொண்டது. ஆஸ்பத்திரிதான் சில்லு வழியாகத் தட்டித் தட்டி அதை ஓட்டிக்கொண்டிருக்கிறது. விழுந்த அன்று வாய் நிறைய ரத்தத்தோடு, "நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றான். "அத இங்க யாருடா கேட்டா? பேசாம படு" என்று சொல்லி டெல்பின் வாயைத் துடைத்துவிட்டாள். அவள் கேட்கவில்லைதான். ஆனால் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள். செம்புக் கம்பி திருடுகிற கூட்டத்தோடு அவன் சுற்றுவதாக அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டாள், குளிப்பாட்டினாள். முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் திரையைத் திறந்து, எந்த இணைப்பு எப்போது யாரிடம் இருந்தது என்று காட்டும் அட்டவணையைப் பார்த்தாள். பார்க்காமலே தெரிந்ததுதான். வாசலில் நிழல் விழுந்தது. ரத்தக்கறை முகத்தோடு கஸ்தூரி நின்றாள். அவள் பின்னால் பாதி பிளாக் நின்றது.

"டெல்பினக்கா, அடி உன் பொட்டி வழியாத்தான வருது? யாருக்குக் குடுக்கணும்னு அதுக்கு எப்டித் தெரியும்?"

டெல்பின் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "வெளியிலேர்ந்து பாத்தா இந்த பிளாக்குக்கே ஒரே நம்பர்தான் கஸ்தூரி. தனி நம்பர் காசுள்ளவங்களுக்கு. நமக்கும் குடுக்கலாம், குடுக்க மனசில்ல. அதனால நாலாயிரம் பேரும் வெளியுலகத்துக்கு ஒரே ஆளு. குழாயத் திறக்கவோ ஆஸ்பத்திரிக்குச் சொல்லவோ உள்ளேர்ந்து ஒருத்தரோட சில்லு வெளிய பேசினா, பொட்டி அவருக்கு ஒரு கதவு ஒதுக்கும். பதில் அந்தக் கதவுக்கு வரும். யார் கதவுன்னு பாத்து பொட்டி அவர்கிட்ட சேக்கும்."

"அடியும் அந்தக் கதவுக்குத்தான் வருதா?"

"ஆமா. போலீசுக்குக் கதவு மட்டுந்தான் தெரியும். பேரு தெரியாது."

"அப்ப தப்பு பண்ணவன் கதவுக்குத்தான வரணும்?"

"அவன் கதவுக்குத்தான் வருது. ஆனா அதுக்குள்ள அது அவன் கதவா இருக்கறதில்ல." டெல்பின் அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "பேசி முடிச்சிட்டு சும்மா இருந்தா, அந்தக் கதவ பொட்டி அடுத்தவங்களுக்குக் குடுத்துடும். முன்னாடி ஒரு நாள் வரைக்கும் வெச்சிருக்கும். இப்ப அரை நிமிஷந்தான். போலீசு மிஷினு தீர்ப்பு சொல்லி அடி அனுப்ப பத்து நிமிஷமாவது ஆவுது."

"யாரு மாத்துனது, ஒரு நாளை அரை நிமிஷமா?"

போன மழைக்காலத்துக்கு முந்தின கோடையில் கதவுகள் போதாமல் போயின. நோயாளிகளின் சில்லுகளால் ஆஸ்பத்திரியோடு பேச முடியவில்லை. வலிப்பு வந்த இரண்டு பெண்களுக்கு ஆம்புலன்ஸ் வரவே இல்லை. இன்னொரு நம்பர் கேட்டு டெல்பின் காண்டிராக்டர் காலில் விழாத குறை. கிடைக்கவில்லை. கடைசியில் காத்திருக்கும் நேரத்தை அவளே குறைத்தாள். அன்றே எல்லோருக்கும் கதவு கிடைத்தது. பிளாக்கே அவளைக் கொண்டாடியது. இதே கஸ்தூரி சேமியா பாயசம் கொண்டுவந்து கொடுத்து, "எங்கப்பா உயிரு உன் புண்ணியம்க்கா" என்றாள்.

"நாந்தான்" என்றாள் டெல்பின். "இன்னொண்ணும் சொல்லிடறேன். காலியான கதவு அடுத்து யார் கேக்கறாங்களோ அவங்களுக்குப் போவும். மூச்சுக்கு ஒரு தடவ புதுக் கதவு கேக்கறது யாரு? நோயாளிங்க சில்லுதான். அதனால..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழி பெரும்பாலும் படுத்துக் கிடந்தவர்களையே தேடிப் போயிருக்கிறது.

கூட்டத்திலிருந்து ஒரு செங்கல் பறந்து வந்து டெல்பினின் புருவத்தைக் கிழித்தது. அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். "பொட்டிய ஒடைங்கடா!" என்று ஒருவன் கத்தினான். நாலு பேர் கடப்பாரையோடு உள்ளே பாய்ந்தார்கள். டெல்பின் தரையில் தவழ்ந்துபோய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் விலாவில் மிதித்தான். அவள் விடவில்லை.

"ஒடச்சா கிளமெண்ட்டு செத்துடுவான்! இருதயம் நின்னவங்க எல்லாரும் செத்துடுவாங்க! என்னை ஒடைங்க, இத ஒடைக்காதீங்க!"

கிளமெண்ட் முக்காலியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தான். வாயிலிருந்து சத்தம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை. அவனைப் பார்த்ததும் கஸ்தூரிதான் கடப்பாரையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்கடா! இன்னிக்கு ஒரு பொணம் போதும்."

கோபம் போக வழி தேடி வெளியே ஓடியது. ஒருவன் கைபேசியை உயரப் பிடித்து, "கெவுருமெண்ட் கெடங்கக் கொளுத்துங்க!" என்று நேரலையில் முழங்கினான். கல் பறந்தது. வாசலில் சுற்றிய கண்காணிப்பு டிரோன் ஒன்று நொறுங்கி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது, ரப்பர் குண்டுகளும் வந்தன. லத்தியில்லாக் காவலுக்குத் துப்பாக்கி இல்லையென்று யார் சொன்னது? ரெஜினாவின் கொழுந்தன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உருண்டான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது.

இன்ஸ்பெக்டர் வாசுதேவன் துப்பாக்கிக்காரர்களை வாசலில் நிறுத்திவிட்டு, ரவுட்டர் அறைக்குள் நுழைந்து ஷட்டரை இறக்கினார். வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. ரத்தம் வழியும் டெல்பினைப் பார்த்து, "நம்ம சொத்தைக் காப்பாத்திட்ட. நல்ல பொண்ணு" என்றார்.

திரையில் அவர் சில்லுக்குப் புதிய வரி ஒன்று முளைத்தது: விருந்தாளி. இந்தக் கட்டடத்தைச் சுற்றி அலைத்தடுப்பு போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே பெட்டி வழியாகப் போக வேண்டும் என்பதற்காக அரசாங்கமே போட்டது. தனி நம்பர் வைத்திருக்கும் பெரிய மனிதர்களும் வாசலைத் தாண்டினால் பெட்டிக்குக் கீழேதான்.

டெல்பின் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "சார், எல்லாம் தப்பா விழுந்திருக்கு. ஒரு மழைக்காலத்துக்கு மேலா தப்பான ஆளுங்களுக்கே விழுந்திருக்கு. தப்பு என்னோடது. என்னை என்ன வேணா பண்ணுங்க. தண்டனைய மட்டும் நிறுத்தச் சொல்லுங்க சார்."

"தெரியும்மா."

"சார்?"

"போன மாசமே எங்க ஆளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேலதிகாரிங்க என்ன சொன்னாங்க தெரியுமா? தொடாதீங்கன்னாங்க. இந்த பிளாக்குல குத்தம் பாதியா குறைஞ்சிருக்கு. ஆளைக் கண்டுபிடிச்சு அடிச்சா, அடி வாங்கினவன் ஒருத்தன் பயப்படுவான். கண்டுபிடிக்காம அடிச்சா நாலாயிரம் பேரும் பயப்படுவாங்க. நீ பண்ணது தப்பில்லம்மா. எங்களுக்குத் தோணாத யோசனை."

செங்கல்லும் மிதியும் தராத வலியை அந்தப் பாராட்டு டெல்பினுக்குத் தந்தது.

வாசுதேவன் கைத்திரையை எடுத்தார். "இப்ப வெளியே ஒருத்தன் கிடங்கைக் கொளுத்துன்னு பேசியிருக்கான். தீர்ப்பு வந்துடுச்சு, நான் கைரேகை வெச்சா போதும். ஏழாம் நிலை." கதவு எண்ணைச் சொன்னார்.

அவள் அட்டவணையைப் பார்த்தாள். அந்தக் கதவுக்கு நேராகக் கிளமெண்டின் பெயர் நின்றது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவன் இருதயம்தான் ஓயாமல் கதவு கேட்டுக்கொண்டிருக்கிறதே.

"சார், அது இப்ப என் தம்பிகிட்ட இருக்கு. இதோ, உங்க கண்ணு முன்னாடி உக்காந்திருக்கான். அவனுக்குப் பேச்சே வராது சார். அவன் எப்படிக் கத்தியிருப்பான்?"

வாசுதேவன் கிளமெண்டை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வசதிதான். கூட்டத்துக்கு நடுவுல விழுந்தா கலவரமாகும். இங்கேயே விழட்டும்."

"சார், அவன் என்ன பண்ணான்?"

"கதவைச் சாத்திடலாம்னு மட்டும் யோசிக்காதே. சேராம திரும்புற தண்டனை மொத்த பிளாக்குக்கும் போகும். சட்டம் தெரியுமில்ல? குழந்தைங்களும் இருக்காங்க."

அவருக்கு அவசரமில்லை. பெருவிரலைத் திரையில் பதித்துவிட்டு ஒப்புதல் வரக் காத்திருந்தார். கிளமெண்ட் அக்காவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஆணியிலிருந்து கடிதுணியைத் தானே எடுத்து, மடித்து, வாயருகே கொண்டுபோனான்.

அதைக் கண்டதும் டெல்பினுக்குள் இருந்த பயம் அப்படியே வற்றிப்போயிற்று. யாராவது ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும். யார் என்பதைப் பெட்டிதான் முடிவு செய்யும். பெட்டிக்குச் சொல்கிறவள் அவள். விரல்கள் விசைப்பலகையில் ஓடின. ஒரே ஒரு வரி. இனி வெளியிலிருந்து இந்த பிளாக்குக்கு வரும் தண்டனை எந்தக் கதவுக்கு வந்தாலும், விருந்தாளிக்குக் கொடு.

"என்னம்மா தட்டுற?" என்றார் வாசுதேவன்.

"உபசரிக்கறேன் சார்."

ஒப்புதல் வந்துவிட்டது. அவர் கைத்திரையிலிருந்து கிளம்பிய கட்டளை அதே பெட்டி வழியாக வெளியே போய், பிளாக்கின் ஒரே நம்பரைத் தேடிக்கொண்டு அதே பெட்டிக்குத் திரும்பி வந்தது.

நாற்காலியோடு அவர் பின்னால் பறந்தார். மண்டை இரும்பு அலமாரியில் மோதிய சத்தம் மாடிவரை கேட்டது. முதுகு வில்லாய் வளைந்து, குதிகாலும் உச்சந்தலையும் மட்டும் தரையில் பட்டன. விரல் நகங்கள் சிமெண்டைப் பிறாண்டிப் பிய்ந்தன. மூக்கிலிருந்து ரத்தம் கொப்பளித்து வெள்ளைச் சட்டையெல்லாம் நனைந்தது.

விழுகிற சத்தம் அந்த பிளாக்கில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். படிக்கட்டுப் பக்கத்துப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள், ஆளுக்கொரு கடிதுணியோடு. உள்ளே கிடந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். கஸ்தூரி முன்னால் நின்றாள். அவள் கையில் இருந்தது அப்பா வாயிலிருந்து உருவிய துணி. இன்னும் ஈரம் காயவில்லை.

"போடாதடி" என்றாள் ரெஜினா. "நாக்கு அறுந்து சாவட்டும்."

கஸ்தூரி துணியைக் கையில் முறுக்கினாள். பழக்கம் பொல்லாதது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் தலையை மடியில் தூக்கி வைத்து, அந்தத் துணியைப் பல்லுக்கிடையில் திணித்தாள். அதே நொடியில் இரண்டாவது சொடுக்கு விழுந்தது. துணிக்குள் ஒரு பல் உடைந்த சத்தம் கேட்டது. அவர் கால் உதைத்த உதையில் கிளமெண்டின் முக்காலி சுவரில் அடித்து நொறுங்கியது. கஸ்தூரி தலையை விடவில்லை. அழுதுகொண்டே பிடித்திருந்தாள்.

துடிப்பு அடங்கியதும் அவர் துணியைத் துப்பினார். கண்கள் டெல்பினைத் தேடின.

"நிறு... நிறுத்தும்மா... நான்... நான் ஒண்ணும் பண்ணல..."

அந்த வார்த்தைகளை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். இதே ரத்தம், இதே குழறல். அன்று சொன்ன பதில் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள்.

"இந்த பிளாக்குல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். இன்னிலேர்ந்து கேக்கறோம். சொல்லுங்க. என்ன பண்ணீங்க?"

பெண்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாய் திறந்தது. சொல்ல ஏதோ இருந்தது போலத்தான் தெரிந்தது. விசைப்பலகை டெல்பினின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வரியை அழித்தால் போதும். ஆனால் அழித்தால் மூன்றாவது தவணை கிளமெண்டின் கதவுக்குப் போகும்.

அவள் கையை நீட்டவில்லை. மூன்றாவது சொடுக்கு விழுந்தது.

கஸ்தூரி மெதுவாகத் தலையைத் தரையில் வைத்தாள். கைத்திரையில் பச்சை எழுத்து மின்னியது: தண்டனை சேர்ந்தது, வழக்கு முடிந்தது. ஷட்டருக்கு வெளியே நின்ற துப்பாக்கிக்காரனுக்கும் அதே செய்தி வந்திருக்க வேண்டும். "விழுந்துட்டானா?" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தான்.

"விழுந்தாச்சு" என்றாள் டெல்பின்.

"ஐயா வெளிய வரட்டும், நாங்க ஜீப்புல இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்து போனான்.

இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஜீப்பில் இருப்பவர்கள் சீக்கிரமே வருவார்கள். இன்னும் பலர் வருவார்கள். வரட்டும். வாசலைத் தாண்டினால் அவர்களும் விருந்தாளிகள்தான். அந்த வரியை அவள் அழிக்கவில்லை.

கிளமெண்ட் துணியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தான். டெல்பின் எழுந்து அவனிடம் போனாள். வெகுநாளைக்குப் பிறகு அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் புருவத்து ரத்தம் அவன் தோளில் சொட்டியது.

"கிளமெண்ட்டு, அன்னிக்கு நீ விழுந்தியே... அப்ப என்னடா பண்ணிக்கிட்டு இருந்த?"

அவன் உதடுகள் வெகுநேரம் முயன்றன. சொல் வராமல் போகவே, இரண்டு கைகளையும் நீட்டிக் குழாயடியில் குடத்தை ஏந்துகிற மாதிரி காட்டினான். பிறகு ஒரு விரலால் அவளைத் தொட்டான்.

"உன... க்கு..." என்றான். "குளி... க்க..."

டெல்பின் அவன் கையிலிருந்த கடிதுணியைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது.